சி.வி.யின் கடைசி வரியில் இருக்கிற தமிழ்

போன எபிசோட்டில் விபோர்க்குக்குப் பக்கத்தில், ஃபௌலுமில் இருக்கிற ஆப்பிள் டேட்டா சென்டரைப் பற்றிக் கதைத்தோம். பிறகு வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியே இல்லை. "அண்ணா, இப்பிடி இன்டர்நஷனல் இடங்களுக்கு அப்ளை பண்ணேக்க எங்கட தமிழை, எங்கட பின்னணியை எப்பிடிப் போடுறது?" என்பதுதான்.

2015இல் ஆப்பிள் இந்த டேட்டா சென்டரை அறிவித்த நேரம், நான் கணினி விஞ்ஞானம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். என் சி.வி.யின் தொடக்கத்தில் "பல கலாசாரங்களில் பழகக்கூடியவர்" என்று கொழுத்த எழுத்தில் ஒரு வசனம். கடைசி வரியில், பேட்மின்டனுக்கு மேலே: "டேனிஷ், ஆங்கிலம், தமிழ்." ஒரு நேர்முகத்தில் மனேஜர் அந்த முதல் வசனத்தைக் காட்டி, "இதை வைத்து என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. வேலையும் வரவில்லை.

பதினொரு வயதிலிருந்து அம்மாவுக்காகக் கொமூனவுக்குப் போன் எடுத்தவன் நான். கடிதம் வந்தால் எது கட்டாயம், எது சும்மா மரியாதைக்கு எழுதினது என்று பிரித்துச் சொன்னவன். உங்களில் கனபேர் இதையே செய்திருப்பீங்கள். அதை அப்படியே சி.வி.யில் போடச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை செய்திருக்கக்கூடாத வேலை அது. ஆனால் அதில் பழகின காது பிறகு உதவும்.

எனக்கு உதவியது சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு கொன்ட்ராக்டில். புரோகிராம் எழுதுகிற டீம் சென்னையில். ஒவ்வொரு காலையும் வீடியோ கூட்டம். "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று இங்கே கேட்பார்கள், அங்கே "யெஸ்" வரும். வெள்ளிக்கிழமை ஒன்றும் வராது. மூன்றாவது வாரம் இங்கே "இவங்கள் பொய் சொல்றாங்கள்" என்ற கதை தொடங்கிவிட்டது.

கூட்டம் முடிந்தபின் ஒருத்தரோடு தமிழில் கதைத்தேன். (முதல் ஐந்து நிமிஷம் "நீங்க கேரளாவா?" என்றுதான் போனது. யாழ்ப்பாணத் தமிழுக்கு வழக்கமான வரவேற்பு.) அவர் சொன்னார்: "பண்ணிடலாம் ப்ரதர், ஆனா சர்வர் அக்சஸ் இன்னும் வரல." அந்த "பண்ணிடலாம்" வாக்குறுதி இல்லை. முகம் முறியாமல் சொல்கிற சொல். அக்சஸ் கொடுக்கவேண்டியது எங்கள் பக்கம். வாடிக்கையாளரின் பிழையை எல்லார் முன்னாலும் சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லை. டேனிஷ்காரருக்கோ யெஸ் என்றால் யெஸ்தான். நான் செய்தது சின்ன வேலை: "முடியுமா?" என்பதை "எங்கள் பக்கத்திலிருந்து என்ன வரவேண்டியிருக்கு?" என்று மாற்றச் சொன்னேன். பதிலை எழுத்தில் கேட்டோம். அக்சஸ் இரண்டு நாளில் கிடைத்தது.

இப்போது என் சி.வி.யில் "பல கலாசாரம்" என்ற சொல்லே இல்லை. இந்தச் சம்பவம் இரண்டு வரியில் இருக்கிறது.

இங்கே இது இன்னும் முக்கியம். எங்களுக்குப் பக்கத்து மோர்ஸ் தீவில் பிறந்த அக்செல் சண்டெமோச 1933இல் எழுதின நாவலில் வருவதுதான், நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே கேட்ட யந்தெ சட்டம். நான் பெரிய ஆள் என்று காட்டினால் இங்கே காது மூடிக்கொள்ளும். என்ன நடந்தது என்று சொன்னால் கேட்பார்கள். விளம்பரத்தில் போன் இலக்கம் இருந்தால் எடுங்கோ. "உங்கள் டீம் எந்தெந்த நாட்டாரோடு வேலை செய்கிறது, எங்கே சிக்குது?" என்று கேட்டால், எந்தச் சம்பவத்தை எழுதலாம் என்று பதிலிலேயே தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தால் அதையும் தன்னார்வ வேலையாகப் போடுங்கோ. எத்தனை பிள்ளைகள், எத்தனை வருடம் என்ற கணக்கோடு.

இவ்வளவும் செய்தாலும் பெயர் ஒரு தடைதான், அதை மறைக்க மாட்டேன். 2018இல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வில், கற்பனை விண்ணப்பங்களை 800 வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அதே எண்ணிக்கையில் அழைப்பு வர, மத்திய கிழக்குப் பெயர் உள்ளவர்கள் 52 சதவீதம் கூடுதலாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பெயர் அதில் இல்லை, ஆனால் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. பத்து இடத்தில் பதில் வரவில்லையென்றால் உடனே உங்கள் சி.வி.யைக் குறை சொல்லாதீங்கோ. பெயரைச் சுருக்கிப் போடலாமா என்று கேட்டவருக்கு: நான் சுருக்கவில்லை. சுருக்கினவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

உங்கட கடைசி வரியையும், அதுக்குப் பின்னால இருக்கிற சம்பவத்தையும் எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில் மூன்றை எடுத்து, எப்படி இரண்டு வரியாக்கலாம் என்று பார்ப்போம்.