செடி உறிஞ்சிய நஞ்சு எங்கே போகும்?

கோலாலம்பூர் ஈயத்தால் வளர்ந்த நகரம். 1857-இல் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங்கிற்கு வந்தனர். 1985-இல் ஈய விலை சரிந்தபின் சுரங்கங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன, ஈயக்குட்டைகள் எஞ்சின. ஈயம் தோண்டிய மண்ணில் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்களும் இருப்பதுண்டு.

அத்தகைய மண்ணைத் தோண்டி அகற்றப் பெருஞ்செலவாகும். செடிகளைக் கொண்டு தூய்மைப்படுத்துவது மலிவான வழி. டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி, ஆர்செனிக்கை வேரால் உறிஞ்சி இலைகளில் சேர்ப்பதை 2001-இல் புளோரிடா ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நம் நாட்டுப் பழைய சுவர்களிலும் முளைக்கும் செடி அது. சபாவில் வளரும் கீழாநெல்லி இனச் செடி ஒன்றின் உலர்ந்த இலையில் 2 விழுக்காடு வரை நிக்கல் இருக்கிறது.

ஆனால், நஞ்சு மறைந்துவிடுவதில்லை. மண்ணிலிருந்து இலைக்கு மாறுகிறது. செடியை அறுத்துப் பாதுகாப்பாக அகற்றாவிட்டால், இலை உதிர்ந்து நஞ்சு மீண்டும் மண்ணுக்கே வந்துவிடும். மண் தூய்மையாகப் பல ஆண்டுகளும் பிடிக்கும்.

கங்கோங் கீரைக்கும் உலோகங்களை உறிஞ்சும் தன்மை உண்டு. ஈயக்குட்டையோரம் அது எவ்வளவு செழித்திருந்தாலும், சமையலுக்குப் பறிக்காதீர்கள், வீட்டிலும் சொல்லிவையுங்கள்.