ராணி எறும்பைத் தேடி!

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில், 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு விசித்திரமான கடத்தல் பிடிபட்டது.

நைவாஷா என்ற ஊரில் ஒரு விடுதி. அங்கே பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த இரண்டு வாலிபர்கள் தங்கியிருந்தார்கள். இருவருக்கும் இன்னும் 20 வயது ஆகவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். அதிகாரிகள் வந்து சோதனை போட்டார்கள்.

யானைத் தந்தம் கிடைக்கவில்லை. சிறுத்தைத் தோல் கிடைக்கவில்லை. தங்கமும் இல்லை. அங்கே இருந்தவை சிறு சிறு குழாய்கள்! 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள். ஒவ்வொன்றிலும் பஞ்சு. பஞ்சுக்குப் பக்கத்தில் உயிருள்ள எறும்பு!

மொத்தம் சுமார் 5 ஆயிரம் எறும்புகள். ராணி எறும்புகளாகத் தேடிப் பிடித்துச் சேர்த்த சரக்கு அது. குழாய்க்குள் அவை இரண்டு மாதம் வரை உயிரோடு இருக்கும்.

நைரோபி விமான நிலையக் கோர்ட்டில் வழக்கு நடந்தது. வாலிபர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். "ஆசைக்காகச் சேர்த்தோம். சட்டம் தெரியாது" என்பது அவர்கள் சொன்ன சமாதானம். மே மாதம் 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆளுக்கு 10 லட்சம் கென்யா ஷில்லிங் அபராதம். கட்டத் தவறினால் ஒரு வருடம் ஜெயில்! வேறொரு எறும்பு வழக்கில் சிக்கிய வியட்நாம் நாட்டவர் ஒருவருக்கும், கென்யாக்காரர் ஒருவருக்கும் அதே தண்டனை கிடைத்தது.

காலில் மிதிபடும் எறும்புக்கா இத்தனை பெரிய தண்டனை? அதை யார் விலை கொடுத்து வாங்குகிறார்கள்? எதற்காக வாங்குகிறார்கள்?

எறும்பும் செல்லப் பிராணி!

மேல்நாடுகளில் நாய் வளர்ப்பவர்கள் உண்டு. பூனை வளர்ப்பவர்கள் உண்டு. அதே போல எறும்பு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில் இது வளர்ந்துவரும் பொழுதுபோக்கு. பள்ளிச் சிறுவர்கள் முதல் வேலையில் ஓய்வு பெற்ற முதியவர்கள் வரை இதில் ஈடுபட்டிருக்கிறார்கள்.

மேஜை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு முழு எறும்பு ராஜ்யம்! முட்டைகளை நக்கிச் சுத்தம் செய்யும் எறும்புகள் ஒரு பக்கம். புழுக்களுக்கு ஊட்டிவிடும் எறும்புகள் ஒரு பக்கம். செத்தவற்றைத் தூக்கிக்கொண்டு போய்த் தனியே குவிக்கும் எறும்புகள் ஒரு பக்கம். பார்த்துக்கொண்டே இருந்தால் பொழுது போவது தெரியாது.

ஆனால் வேலைக்கார எறும்புகளை மட்டும் பிடித்து அடைத்தால் ராஜ்யம் நிலைக்காது. அவை இறந்துவிட்டால் புதிதாகப் பிறக்க வழி இல்லை. முட்டை இடுகிறவள் ராணி. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் எல்லாமே ராணியைத் தேடுவதில்தான் ஆரம்பமாகிறது.

வானத்தில் கல்யாணம்

மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்புவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஈசல் என்பது கறையான் இனம்; எறும்பு இனம் அல்ல. ஆனால் எறும்புகளிலும் அதே போன்ற திருவிழா உண்டு.

ஆண்டில் ஒரு காலத்தில், புற்றுக்குள் இறக்கை முளைத்த ஆண் எறும்புகளும் இளம் ராணிகளும் தயாராகின்றன. வெப்பமும் ஈரமும் சரியாக அமைந்து, காற்றும் அடங்கிய ஒரு நாளில், அக்கம்பக்கத்துப் புற்றுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. கூட்டம் கூட்டமாக அவை வானத்தில் எழும்புகின்றன. அங்கேதான் கல்யாணம்!

இங்கிலாந்தில் கருப்புத் தோட்ட எறும்புகள் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இப்படிப் பறக்கும். 2019-ம் ஆண்டு ஜூலையில், பறந்த எறும்புக் கூட்டம் வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் ரேடாரில் மழை மேகத்தைப் போலத் தெரிந்ததாம்!

கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையின் கதை முடிந்துவிடுகிறது. ஆண் எறும்பு விரைவிலேயே இறந்துவிடுகிறது. ராணி தரைக்கு இறங்குகிறது. தன் இறக்கைகளைத் தானே உதறித் தள்ளுகிறது. இனி அதற்குப் பறக்கும் வேலை இல்லை. அந்த ஒரு நாள் உறவு, ஆயுள் முழுவதும் முட்டை இடுவதற்குப் போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எறும்பு தேடுகிறவர்கள் காத்திருப்பது இந்த நாளுக்காகத்தான். கையில் சின்னச் சின்னக் குழாய்களுடன் நடைபாதை, பூங்கா, வேலியோரம் எல்லாம் குனிந்த தலை நிமிராமல் நடக்கிறார்கள்.

ராணியை அடையாளம் காண்பது கடினம் அல்ல. வேலைக்கார எறும்பை விடப் பெரியது. முதுகு தடித்திருக்கும். பறப்பதற்கான தசைகள் அங்கேதான் இருந்தன. உற்றுப் பார்த்தால் இறக்கை இருந்த இடத்தில் தழும்பு தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது தனியாகப் போகும். சாரையில் சேராமல், ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கைத் தேடி அவசரமாக ஓடும்.

முழுக் கூட்டையே தேடுகிறவர்களும் உண்டு. குளிர் நாடுகளில் வசந்த காலத்து வெயிலில் தட்டைக் கற்கள் சீக்கிரம் சூடேறும். அந்தச் சூட்டுக்காக எறும்புகள் கல்லுக்கு அடியில் வந்து கூடும். கல்லை மெதுவாகத் தூக்கினால் ராஜ்யமே கண்ணில் படும். ஓக் மரக் காடுகளில் இன்னும் ஓர் அதிசயம்! கீழே விழுந்து உளுத்துப்போன ஒரே ஒரு கொட்டைக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கும். ராணியும் நூறு எறும்புகளும் அந்த ஒரு கொட்டையில் அடக்கம்!

தாயின் பட்டினி

பிடித்த ராணியை எங்கே வைப்பது? ஒரு சோதனைக் குழாய் போதும். அடியில் கொஞ்சம் தண்ணீர். அதை அடைத்தாற்போல் பஞ்சு. நடுவில் ராணி. வாயில் மறுபடியும் பஞ்சு. பிறகு இருட்டான இடத்தில் வைத்துவிட வேண்டும். மண்ணுக்குள் ராணி தோண்டும் சின்ன அறைக்கு இது ஈடாகிறது.

உணவு? பல இன ராணிகளுக்கு உணவே வேண்டாம்! இங்கேதான் இயற்கையின் அற்புதம் இருக்கிறது. பறப்பதற்கு உதவிய தசைகள் இனி பயன்படாது அல்லவா? அவை ராணியின் உடம்புக்குள்ளேயே கரைந்து சத்தாக மாறுகின்றன. அந்தச் சத்தைக் கொண்டே முட்டை இடுகிறது. பிறந்த புழுக்களுக்கும் ஊட்டுகிறது. வாரக் கணக்கில் தான் பட்டினி கிடந்து, முதல் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குகிறது.

முதலில் பிறக்கும் எறும்புகள் மற்றவற்றைவிடச் சின்னதாக இருக்கும். அம்மாவிடம் இருந்த கையிருப்பு அவ்வளவுதான்! அவை வெளியே போய் இரை கொண்டுவந்த பிறகுதான் தாயின் பட்டினி தீரும். அதன் பின் ராணி முட்டை இடுவதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை.

வளர்ப்பவர்கள் தேனோ, சர்க்கரைத் தண்ணீரோ வைக்கிறார்கள். புழுக்கள் வளர்வதற்குச் சிறு பூச்சிகளைக் கொடுக்கிறார்கள். எறும்பு ஏறி ஓடிவிடாமல் இருக்க, முகப் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பெட்டியின் மேல் விளிம்பில் பூசுகிறார்கள். காய்ந்ததும் எறும்பின் கால் வழுக்கிவிடும். குளிர் நாட்டு எறும்புகளுக்குக் குளிர்காலத் தூக்கம் அவசியம். அதற்காகச் சிலர் அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் உண்டு!

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ராணி நீண்ட நாள் இருக்கும். ஆராய்ச்சிச் சாலையில் கருப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. தொட்டிலில் கிடந்த பிள்ளை கல்யாணம் செய்துகொள்ளும் காலம் அது!

பாங்கி முதலாளியின் எறும்புகள்

எறும்பு வளர்ப்பு இன்று நேற்று வந்தது அல்ல. இங்கிலாந்தில் சர் ஜான் லப்பக் என்பவர் இருந்தார். அவர் பாங்கி முதலாளி, பார்லிமெண்டு அங்கத்தினர். பாங்கிகளுக்கு விடுமுறை நாட்கள் தரும் சட்டத்தை 1871-ல் கொண்டுவந்தவர் அவரே. விஞ்ஞானி டார்வினின் பக்கத்து ஊர்க்காரர், நண்பர்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கொஞ்சம் மண் வைத்து, லப்பக் எறும்புகளை வளர்த்தார். எறும்புகள் தப்பிப் போகாமல் இருக்கச் சுற்றிலும் தண்ணீர்! நம் வீட்டில் அலமாரிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எறும்பு உள்ளே வராமல் இருக்க. லப்பக் தண்ணீர் வைத்தது எறும்பு வெளியே போகாமல் இருக்க!

எறும்புகளின் முதுகில் வர்ணப் புள்ளி வைத்து, எது எங்கே போகிறது என்று கவனித்தார். சில எறும்புகளுக்குப் போதை ஏற்றியும் பார்த்தார். விழுந்து கிடந்தது தங்கள் கூட்டத்து எறும்பானால், மற்றவை பெரும்பாலும் அதை வீட்டுக்குத் தூக்கிப் போயின. வேற்றுக் கூட்டத்து எறும்பானால் தண்ணீரில் தள்ளிவிட்டன! இதை எல்லாம் 1882-ல் புத்தகமாக எழுதினார். அவர் வளர்த்த ராணி ஒன்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் வாழ்ந்து, 1888-ல் இறந்தது.

அமெரிக்காவில் மில்டன் லெவின் என்பவர் 1956-ல் இதையே வியாபாரம் ஆக்கினார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் எறும்புப் பண்ணை! 2 கோடிக்கும் அதிகமான பெட்டிகள் விற்றன. ஆனால் அதில் ராணி இல்லை. அனுமதி இல்லாமல் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ராணியை அனுப்ப அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

சிறுவன் கண்ட ஆபத்து

சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது? அதற்கும் ஓர் எறும்புக் கதை இருக்கிறது.

எட்வர்டு வில்சன் என்ற அமெரிக்கச் சிறுவனுக்கு, மீன் பிடிக்கும்போது மீனின் முள் குத்தி ஒரு கண் பார்வை கெட்டது. அப்போது வயது 7. தூரத்துப் பறவையைப் பார்ப்பது கஷ்டமாகிவிட்டது. ஆனால் மிஞ்சிய கண்ணுக்குக் கூர்மை அதிகம். சின்னஞ்சிறு எறும்பை அருகில் வைத்துப் பார்க்கத் தொடங்கினான்.

1942-ல், 13 வயதில், மொபீல் என்ற துறைமுகப் பட்டணத்தில் காலி மனைகளில் எறும்பு தேடித் திரிந்தபோது ஒரு புதிய புற்றைக் கண்டான். அது தென் அமெரிக்காவின் சிவப்பு நெருப்பெறும்பு! கப்பல் சரக்கோடு கரை இறங்கியது. அந்த எறும்பு அமெரிக்காவுக்குள் புகுந்ததற்குக் கிடைத்த முதல் சாட்சியங்களுள் அந்தச் சிறுவன் கண்டதும் ஒன்று.

பிற்காலத்தில் வில்சன் ஹார்வர்டு சர்வகலாசாலையில் புரொபசர் ஆனார். எறும்பு ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றார். புலிட்சர் பரிசை இரண்டு முறை வென்றார். 2021-ல், 92-வது வயதில் காலமானார். அவர் கண்ட நெருப்பெறும்போ தெற்கு மாநிலங்கள் எங்கும் பரவி, வயலுக்கும் கால்நடைக்கும் மனிதருக்கும் தீராத தொல்லை ஆகிவிட்டது.

நம் பக்கத்திலும் அனுபவம் உண்டு. 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்புகள் படை எடுத்தன. இவை கொட்டுவதில்லை, அமிலத்தைப் பீச்சும். ஆடுமாடுகளின் கண்களைப் பாதித்தன. மக்கள் காட்டுக்குள் போகவே அஞ்சினார்கள். உலகின் பல இடங்களுக்கு இவை சரக்கோடு சரக்காகப் போய்ச் சேர்ந்தவை. ஆசைக்கு வளர்ப்பவர்கள் கொண்டுவந்தவை அல்ல. ஆனால் தபாலில் வந்த ஒரு ராணி பெட்டியிலிருந்து தப்பினாலும் இதே கதி நேரலாம்.

ஒரு ராணி, ஒரு ராஜ்யம்

கென்யாவில் பிடிபட்டவை தானியம் சேர்க்கும் ராட்சத எறும்புகள். 2025-ல் ஐரோப்பாவில் ஒரு ராணி 170 பவுன் வரை விலை போனது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் 19 ஆயிரம் ரூபாய் அளவுக்கு வந்தது!

இந்த எறும்புகள் புல் விதைகளைச் சுமந்து சென்று பரப்புகின்றன. மண்ணைக் கிளறிக் காற்றும் தண்ணீரும் இறங்க வழி செய்கின்றன. பறவைகளும் விலங்குகளும் இவற்றைத் தின்று வாழ்கின்றன. ஒரு ராணியை எடுத்தால் ஓர் எறும்பு குறைகிறது என்பது கணக்கல்ல. வரவேண்டிய ஒரு புற்றே இல்லாமல் போகிறது. அப்படியானால் 5 ஆயிரம் எறும்பு என்பது சின்ன விஷயமா?

எறும்பு வளர்ப்பவர்களிலேயே நல்லவர்கள் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறார்கள். புற்றைத் தோண்டக் கூடாது. சொந்த ஊர் எறும்பை மட்டுமே வளர்க்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு ராணியும் எடுக்கக் கூடாது. வெளிநாட்டு எறும்பைத் திறந்து விடவே கூடாது. ஜெர்மனியில் காட்டு எறும்புப் புற்றுகளுக்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு.

எறும்பை ரசிக்கப் பெட்டியும் குழாயும் வேண்டும் என்பதும் இல்லை. அரிசி மாவில் கோலம் போட்டு எறும்புக்கும் இரை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் பழையது. குழந்தைகள் அந்தக் கோலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, எறும்பு எங்கிருந்து வருகிறது, மாவை எங்கே கொண்டு போகிறது என்று பார்க்கட்டும். தோட்டத்துக் கல்லைப் புரட்டிப் பார்த்தாலும் தப்பில்லை. பார்த்து முடிந்ததும், கல்லை இருந்தது இருந்தபடியே மெதுவாக வைத்துவிட வேண்டும். அதற்கு அடியில் ஒரு தாய் இருக்கிறாள்!