வீட்டுக் கல்வியும் வலையொலியும்

கற்றல் என்பது கண்ணால் மட்டும் நிகழ்வதன்று; செவியாலும் நிகழ்வது. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை இதனை விளக்கும். கேட்டறிதலைப் போலவே, கற்றதைப் பிறர் கேட்குமாறு எடுத்துரைத்தலும் கல்வியின் ஒரு கூறாகும். தான் நன்கு அறியாத ஒன்றைத் தெளிவாகச் சொல்ல யாராலும் இயலாது.

பெற்றோர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் முறை சில நாடுகளில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் இதற்கு இடந்தருகிறது. ஜான் ஹோல்ட் என்னும் கல்வியறிஞர் இத்தகைய பெற்றோருக்கென 1977ஆம் ஆண்டில் ஓர் இதழைத் தொடங்கினார். வீட்டில் கற்கும் குழந்தைக்கு நூல்கள் உண்டு. கற்பிக்கத் தாய் தந்தையர் உண்டு. ஆயினும் ஒரு குறையும் உண்டு. வகுப்பில் எழுந்து பேசினால் கேட்போர் பலர். வீட்டிலோ கேட்போர் மிகச் சிலர். அவை காணாத கல்வி, கடல் காணாத தோணி போன்றது. அக்குறையை நீக்கப் பெற்றோர் சிலர் இன்று கைக்கொள்ளும் வழியே வலையொலி.

வலையொலியைப் 'பாட்காஸ்ட்' எனவும் வழங்குவர். 2001இல் வெளிவந்த 'ஐபாட்' என்னும் இசைக்கருவியின் பெயரோடு, ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இறுதிப் பகுதி சேர்ந்து இப்பெயர் பிறந்தது. பென் ஹாமர்ஸ்லி என்னும் இதழாளர் 2004இல் 'கார்டியன்' நாளிதழில் இச்சொல்லைக் கையாண்டார். வானொலி நிகழ்ச்சி குறித்த நேரத்தில் ஒலிக்கும். வலையொலியோ இணையத்தில் சேமிக்கப்பட்டிருந்து, கேட்போர் வேண்டும்பொழுதெல்லாம் ஒலிக்கும்.

குழந்தைகள் இதனை ஆக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, மோனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சியைப் பற்றிப் பேச விரும்புகிறாள் எனக் கொள்வோம். நம் நாட்டு எருக்கின் இனத்தைச் சேர்ந்த, பால் வடியும் செடிகளின் இலையை உண்டே இதன் புழு வளரும். இலையுதிர் காலத்தில் இப்பூச்சிகள் கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வடபகுதியிலிருந்தும் 4,000 கிலோமீட்டர் வரை பறந்து, மெக்சிகோ நாட்டு மலைக்காடுகளை அடையும். சிறுமி நூலகத்தில் படித்துக் குறிப்பெடுக்கிறாள். தோட்டம் வளர்க்கும் பாட்டியிடம் வினாக்கள் கேட்டு விடைகளைப் பதிவு செய்கிறாள். பின்பு தன் சொற்களில் உரை எழுதுகிறாள்.

"சென்ற பூச்சியே மறு ஆண்டு வீடு திரும்பும்" என்று அவள் எழுதிவிடுகிறாள். அதனை உரக்கப் படிக்கும்போது தந்தை, "இஃது உனக்கு எவ்வாறு தெரியும், மகளே?" என்று வினவுகிறார். மீண்டும் நூலைப் புரட்டியபோது உண்மை விளங்குகிறது. தெற்கே சென்ற பூச்சி இளவேனிலில் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, வழியிலேயே முட்டையிட்டு மடியும். அதன் பின்வந்த தலைமுறைகளே பழைய நிலத்தைச் சென்றடையும். சிறுமி அவ்வரியை அடித்துத் திருத்துகிறாள். ஏட்டில் எழுதிய பிழையை ஆசிரியர் ஒருவரே காண்பார். ஊரறியச் சொன்ன பிழையோ பலர் உள்ளத்தில் வேரூன்றிவிடும். இப்பொறுப்பை உணர்வதே இப்பயிற்சியின் தலையாய பயன்.

அடுத்தது ஒலிப்பதிவு. வெறுஞ்சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அறையில் எதிரொலி எழும். திரைச்சீலையும் மெத்தையும் துணிகளும் ஒலியை உட்கொள்ளும். ஆகவே, துணிகள் நிறைந்த சிற்றறையே ஏற்ற இடம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியிலிருந்து ஒரு சாண் தள்ளியமர்ந்து பேசுதல் நன்று. 'ஆடாசிட்டி' போன்ற விலையில்லா மென்பொருளால் பதிவைச் செப்பனிடலாம். தன் குரலைக் கேட்கும் குழந்தை முதலில் நாணும். பேசும்போது நம் குரல் எலும்பின் வழியாகவும் நம் செவியை அடைகிறது. பதிவில் அவ்வாறு இல்லாமையால் அது வேறு குரல்போல் தோன்றுகிறது. இதனை அறிந்தால் நாணம் அகலும். பின்னர், விரைந்து பேசிய இடமும் விழுங்கிய எழுத்தும் தாமே புலப்படும்.

காக்க வேண்டிய நெறிகளும் உள. குழந்தையின் முழுப்பெயரையும் முகவரியையும் வெளியிடலாகாது. பேட்டி கண்டவரின் இசைவைப் பெறாமல் அவர் குரலைப் பரப்பலாகாது. பிறர் ஆக்கிய இசையை உரிமையின்றிச் சேர்த்தலும் தவறு. உலகறிய வெளியிட விரும்பாதவர், உற்றார் உறவினர்க்கு மட்டும் அனுப்பி மகிழலாம்.

மாணவர்களே! இக்கலை வீட்டில் கற்போர்க்கு மட்டும் உரியதன்று; பள்ளியில் பயிலும் நமக்கும் உரியதே. இதற்கு ஒரு கைப்பேசியே போதும். கேட்போர் ஒருவரே ஆயினும், அவர்க்கு உண்மையை ஆராய்ந்து தெளிவாகச் சொல்லப் பழகுவோமாக!