நூறு வேலை, ஒரு மூளை!

தியாகராய நகர், பாண்டி பஜார். மாலை 6 மணி. துணிக்கடையிலிருந்து ஒரு குடும்பம் வெளியே வருகிறது. கணவர் கையில் இரண்டு பை. மனைவி கையில் மூன்று பை.

"ஐயோ! வண்டியைக் காணோமே!"

கணவர் பதறுகிறார். இங்கும் அங்கும் ஓடுகிறார். சாவி சட்டைப்பையில் இருக்கிறது. வண்டிதான் இல்லை. "போலீசில் சொல்லிவிடலாம்" என்கிறார்.

மனைவி யோசிக்கிறாள். "அடுத்த தெருவில் அல்லவா நிறுத்தினோம்?" என்கிறாள். போய்ப் பார்த்தால், வண்டி சமர்த்தாக நிற்கிறது!

பண்டிகைக் காலத்தில் அங்கே இது சகஜமான காட்சி. வீடு போய்ச் சேரும்வரை அந்த மனிதருக்கு அர்ச்சனை நடக்கும். "உங்களுக்கு மறதி அதிகமாகிவிட்டது!"

பாவம், அவர் எதையும் மறக்கவில்லை. நிறுத்திய இடத்தை அவர் மனதில் வாங்கவே இல்லை. கை பூட்டைப் பூட்டியது. மனமோ, "இன்று எவ்வளவு செலவாகுமோ?" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நோட்டில் எழுதாத கணக்கை எந்தப் பக்கத்தில் தேடுவது?

ஞாபகத்துக்கு வாசற்படி கவனம்தான். இது நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. பல காரியங்களை ஒரே சமயத்தில் மனதில் நிறுத்திக் காட்டும் வித்தைக்கு அவர்கள் 'அவதானம்' என்று பெயர் வைத்தார்கள். அவதானம் என்றால் கவனம். 'கவனகம்' என்றும் சொல்வது உண்டு.

மேடையில் ஒரு புலவர்

1907-ம் ஆண்டு மார்ச் மாதம் 10-ந் தேதி. சென்னை விக்டோரியா மண்டபம். மேடையில் 32 வயதுத் தமிழ்ப் புலவர் ஒருவர். அவர் பெயர் செய்குத்தம்பிப் பாவலர். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தவர்.

அன்று அவர் சதாவதானம் செய்து காட்டினார். சதம் என்றால் நூறு. நூறு விஷயங்களில் கவனம்!

அவதான மேடையில் என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் வெண்பா பாடச் சொல்வார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் பின்னால் நின்று முதுகில் சிறு கல்லை எறிந்துகொண்டே இருப்பார். இன்னொருவர் அவ்வப்போது மணி அடிப்பார். நடுவே குறுக்குக் கேள்விகள் வேறு! கடைசியில் பாட்டும் முடிய வேண்டும். கணக்கும் சரியாக வர வேண்டும். எத்தனை கல் விழுந்தது, எத்தனை முறை மணி அடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். காகிதம் கிடையாது. பென்சில் கிடையாது.

'சதாவதானி' என்ற பட்டம் பாவலரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் 1950-ம் ஆண்டு காலமானார். 2008-ல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள்.

சின்ன மேஜை, பெரிய அலமாரி

மனதில் ஒரு சின்ன மேஜையும், ஒரு பெரிய அலமாரியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நினைப்பது எல்லாம் மேஜை மேல் இருக்கும். பழைய சங்கதிகள் அலமாரியில் இருக்கும்.

மேஜை மிகவும் சிறியது. ஒரே சமயத்தில் சுமார் 7 பொருள்தான் அதில் நிற்கும் என்று 1956-ல் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். ஏழு கூட இல்லை, நாலுதான் என்கிறார்கள் பிறகு வந்தவர்கள். அதனால்தான் 10 எண் கொண்ட டெலிபோன் நம்பரை யாரும் ஒரே மூச்சில் சொல்வதில்லை. ஐந்து ஐந்தாக வெட்டிச் சொல்கிறார்கள். பத்துப் பொருள் இரண்டு மூட்டையாகிவிடுகிறது!

அலமாரியில் வைக்கவும் ஒரு தந்திரம் உண்டு. கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டது. அதை மயிலாப்பூரில் செய்து பார்க்கலாம்.

வெல்லம், எண்ணெய், சோப்பு, குடை வாங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கபாலீசுவரர் கோவிலைச் சுற்றுங்கள். கோபுரத்திலிருந்து வெல்லப்பாகு வழிகிறது. தெற்கு மாட வீதியில் எண்ணெய் ஓடுகிறது. காய் வாங்க வந்தவர்கள் வழுக்கி விழுகிறார்கள். தெப்பக்குளம் முழுவதும் சோப்பு நுரை. வடக்கு மாட வீதியில் ஒரே குடைக் கூட்டம். கடைக்குப் போனதும் மறுபடி மனதால் ஒரு சுற்று வாருங்கள். நாலும் நிற்கும்! தெரிந்த தெருவில் புதிய பொருளை மாட்டி வைப்பதுதான் ரகசியம்.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுவதும் கண் விழித்துப் படிக்கும் பையன்கள் கவனிக்க வேண்டும். பகலில் படித்ததை மூளை பத்திரப்படுத்துவதற்குத் தூக்கம் தேவை.

தினமும் புது முகம்

பத்திரப்படுத்தும் வேலையில் முக்கியமான உறுப்பு, மூளையின் உட்புறத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. கடல்குதிரை போல வளைந்தது. 'ஹிப்போகாம்பஸ்' என்று பெயர்.

லண்டன் டாக்சி டிரைவர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 2000-ம் ஆண்டில் அவர்களைச் சோதித்தார்கள். இந்த உறுப்பின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. தியாகராய நகர்ச் சந்துகளில் புகுந்து வரும் நம் ஆட்டோக்காரர்களை அளந்து பார்த்தால் என்ன தெரியுமோ!

இந்த உறுப்பு போனால்? ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு அது நேர்ந்தது. கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-ல் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. அப்போது வயது 27. வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக எதுவும் மனதில் நிற்கவில்லை. சிறுவயதுச் சம்பவங்கள் ஞாபகம் இருந்தன. பல ஆண்டுகள் வந்து சோதித்த பிரெண்டா மில்னர் என்ற நிபுணர், அவருக்கு ஒவ்வொரு முறையும் புது முகம்தான்!

மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்து ஒரு நட்சத்திரம் வரையச் சொன்னார். முதல் நாள் தடுமாறினார். மூன்றாம் நாள் கை பழகிவிட்டது. ஆனால் முன்பு வரைந்தது அவருக்குத் துளியும் நினைவில்லை. கை கற்பது வேறு கணக்கு என்று அப்போது தெரிந்தது. 2008-ல் அவர் இறக்கும்வரை அவருடைய மனம் அப்படியேதான் இருந்தது.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022 முதல் ஒரு மூளை ஆராய்ச்சி மையம் நடக்கிறது. கருவில் வளரும் மூளையின் 5,132 சீவல்களைப் படம் பிடித்து, 'தரணி' என்ற பெயரில் அவர்கள் 2024-ல் வெளியிட்டார்கள்.

எப்போது கவலை?

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினால் பயப்பட வேண்டாம். சாவி எதற்கு என்றே தெரியாமல் விழித்தால், பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றால், டாக்டரிடம் காட்ட வேண்டும். "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடுவது பெரிய தவறு.

மறதி நோய் வந்த பாட்டி, பேத்தியை "யாரம்மா நீ?" என்று கேட்கலாம். அவள் கையில் கோலமாவைக் கொடுத்தால் விரல் தானாக ஓடும். புள்ளி பிசகாது. கோலம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்து, "அழகாக இருக்கிறதே, யார் போட்டது?" என்று பாட்டி கேட்பாள்.