தாயில்லாத வீட்டின் அப்பா

கோர்வைப் பட்டு ஒற்றை ஆள் வேலை அல்ல. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் காஞ்சிபுரச் சேலைக்கு ஊடிழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளருக்கு இரண்டு நாடாவைக் கவனிக்கவே கை சரியாக இருக்கும். ஒரு பக்கக் கரையின் நாடாவை வாங்கித் திருப்பிப் போட, பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி. இல்லாவிட்டால் மகனோ மகளோ. ராட்டையில் தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது என்று தறிக்கு வெளியிலும் பெண்கள் கைதான் ஓடும். ஆகவே காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் மனைவியைப் பறிகொடுத்தால், அடுப்போடு தறியும் பாதி நின்றுபோகும்.

டிவித் தொடரில் வரும் ஓர் அப்பாவைப் பற்றிப் பேச வந்துவிட்டுத் தறியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ‘மெட்டி ஒலி’ சிதம்பரத்தை மறந்தவர் குறைவு. திருமுருகன் இயக்கி, சன் டிவியில் 2002 முதல் 2005 வரை 811 பகுதிகள் ஓடிய தொடர் அது. தாயில்லாத ஐந்து பெண்கள்: தனம், சரோஜா, லீலா, விஜி, பவானி. அவர்களை ஒவ்வொருத்தியாகக் கரையேற்ற வேண்டிய அப்பாவாக டெல்லி குமார். தோளில் துண்டும் தாழ்ந்த குரலுமாக, சம்பந்தி வீட்டு வாசலில் அவர் நிற்கும் நிற்பே பாதி வசனத்தைச் சொல்லிவிடும். தமிழகம் முழுக்கப் பெண்ணைப் பெற்றவர்கள் அவருக்காக அழுதார்கள். நெசவாளர் வீட்டில் அந்த அழுகைக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. சிதம்பரம் மகளைக் கட்டிக்கொடுத்தால் ஒரு பாரம் இறங்கும். இங்கே மகளைக் கட்டிக்கொடுத்தால் பாரத்தோடு தறிக்குத் துணையாக இருந்த கையும் போய்விடும்.

ஆஸ்திரேலியாவில் 1985-இல் தொடங்கிய ‘நெய்பர்ஸ்’ தொடரிலும் இப்படி ஓர் அப்பா இருந்தார். ஜிம் ராபின்சன். கடைசி மகள் லூசியின் பிரசவத்தில் மனைவி இறந்துவிட, மாமியார் ஹெலன் டேனியல்ஸ் அதே வீட்டில் தங்கிப் பேரப்பிள்ளைகளை வளர்த்தார். ஜிம் பிற்பாடு ஒரு பெண் மருத்துவரை மறுமணமும் செய்துகொண்டார். 1993-இல் கதையில் மாரடைப்பால் சாகும்வரை ஆலன் டேல் அந்த வேடத்தில் இருந்தார். நம் சிதம்பரத்துக்கு மறுமணம் பற்றிய நினைப்பே தகாது. வயதுக்கு வந்த பெண்களை வைத்துக்கொண்டு இன்னொரு கல்யாணமா என்று ஊர் கேட்டுவிடும். ஊர் கேட்பதற்கு முன்னால் பார்வையாளர்களே கேட்டிருப்பார்கள்.

காஞ்சிக்கே உரிய அப்பா இவர்கள் இருவருக்கும் மூத்தவர். பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த வேங்கடம், சுதந்திரத்துக்கு முந்திய காலத்து நெசவாளி. பிறந்த மகளுக்குப் பட்டுச்சேலையில் கல்யாணம் செய்துவைப்பதாக ஊரறிய வாக்குக் கொடுக்கிறான். பட்டு நெய்கிறவன் வீட்டில் யாரும் பட்டு உடுத்தியதில்லை என்பதால் ஊர் திகைக்கிறது. வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டிழையை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து, இரவில் யாருக்கும் தெரியாமல் நெய்கிறான். இடையில் மனைவி போய்ச் சேருகிறாள். சேலை முடிவதில்லை, நெய்தவரைக்கும் கிடைத்த துணி, இறந்துபோன மகளை முழுதாக மூடக்கூடப் போதவில்லை. 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமும் சிறந்த நடிகரும் இதற்கே கிடைத்தன. ஐந்து மகள்களின் அப்பா 811 பகுதிகளில் பட்ட பாட்டை, ஒரே மகளின் அப்பா இரண்டு மணி நேரத்தில் பட்டுத் தீர்த்தார் என்று சொல்லலாம். இருவரையும் வதைத்தது ஒன்றுதான்: அப்பா கொடுத்த வாக்கு. மகள் என்ன கேட்டாள் என்பது இரண்டு கதையிலும் பின்னால்தான் வருகிறது.

அந்தக் காலத்தை நினைத்து உருகுவதற்கு முன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிதம்பரத்துக்காக ஊர் அழுதுகொண்டிருந்த 2003-இல்தான், இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஓர் அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரம் அதில் இருந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையை அடுத்தவர் தறிக்கு அனுப்பியவர்களும் அப்பாக்கள்தாம். கரை நாடா போட்ட கை பல வீடுகளில் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய கை.

அந்தக் கை இன்று தறியில் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் வந்த நோக்கியா 2014-இல் மூடிப்போனது. ஆனால் செல்பேசி கோக்கும் வேலை அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நெசவாளர் வீட்டுப் பெண்களும் ஏறுகிறார்கள். அரசின் மனமும் மாறிவிட்டது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திருமண உதவி 5,000 ரூபாய். 2011-இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016-இல் அது 8 கிராம் ஆனது. 2022-இல் அதே திட்டம் புதுமைப்பெண் ஆகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தாலிக்கு என்று அப்பாவை நம்பி வந்த உதவி, இப்போது மகளின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. சிதம்பரம் பார்த்திருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார். தன்னை யாரும் கேட்கவில்லையே என்று கொஞ்சம் சுணங்கியும் இருப்பார்.

திரையிலும் அப்பா இடம் மாறிவிட்டார். 2022-இல் சன் டிவியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரனை நினைத்துப் பாருங்கள். அவர் மனைவியை இழந்தவர் அல்ல. ஆனாலும் குடும்பத் தலைவர் என்றால் இன்று நினைவுக்கு வரும் முகம் அதுதான். மாரிமுத்து அந்த வேடத்தில் காட்டிய அதட்டலை மக்கள் ரசித்தார்கள். அவரை எதிர்த்துப் பேசும் வீட்டு மருமகள்களை அதைவிட ரசித்தார்கள். 2023 செப்டம்பரில் மாரிமுத்து காலமானபோது ஊரே வருந்தியது. ஆனால் குணசேகரனின் வீட்டுக்குப் பெண் கொடுக்க யாரும் ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள். பரிதாபத்துக்குரிய தகப்பன் போய், பயப்பட வேண்டிய தகப்பன் வந்திருக்கிறார். 2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி ஒளிபரப்பியபோது, இளையவர்கள் சிலருக்குச் சிதம்பரத்தின் பொறுமையே கோபமூட்டியது. எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. ஆனாலும் தன் பசியைச் சொல்லாமல் சம்பந்தி வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுகிற மனிதரை வெறும் கோழை என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

இந்த மாற்றங்களில் தறிக்கு இழப்பு ஒன்று உண்டு. துணைக்கு ஆள் கிடைக்காததால், ஒருவரே நெய்யக்கூடிய கோர்வை இல்லாத சேலைகள் பெருகிவிட்டன; விசைத்தறிச் சேலைகளும் காஞ்சிப் பட்டு என்ற பெயரிலேயே கடைக்கு வருகின்றன. 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றும். தறியில் உட்கார ஆள் கொண்டுவராது.

இன்று மகள் தன் சம்பளத்தில் காஞ்சி காந்தி ரோட்டுக் கடையில் முகூர்த்தப் புடவை எடுக்கிறாள். நிறம் அவள் விருப்பம், விலை அவள் கணக்கு. அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போகிறாள். கடைக்காரர் விரித்துப் போட்ட சேலையை அவர் புரட்டி, கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து, கோர்வையா விசைத்தறியா என்று சொல்கிறார். அவர் தலையாட்டினால்தான் அவள் பில் போடச் சொல்கிறாள்.