வட திருநெல்வேலிக் கூடார ஊழியம்

வட திருநெல்வேலிக் கூடார ஊழியம் என்பது சர்ச் மிஷனரி சங்கம் (சி.எம்.எஸ்.) 1854 முதல் தென் தமிழகத்தின் கரிசல் நிலப்பகுதியில் நடத்திய சுற்றுப்பயண நற்செய்திப் பணியாகும். இதைத் திட்டமிட்டுத் தொடங்கியவர் தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து (1815–1858). நிலையான இருப்பிடமும் கட்டடங்களும் இல்லாமல், கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகப் போவதே இதன் அடிப்படை. நோய், ஆள் பற்றாக்குறை, மழை, மரணம் என ஒவ்வொரு தடை வந்தபோதும் இத்திட்டம் மாற்றி அமைக்கப்பட்டது. ஓர் ஊழியத் திட்டத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கேள்வியை ஆராய்வோருக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நிலமும் மக்களும்

அன்று வட திருநெல்வேலி எனப்பட்டது ஏறத்தாழ சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், கழுகுமலை, கோவில்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றிய பகுதி. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை சிவகாசியும் சாத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தன. இன்று இப்பகுதி விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது.

இது வானம் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய் எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. புரட்டாசியில் விதைப்பு தொடங்கிவிட்டால் ஊரில் பகலில் ஆள் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் களியாகிவிடும்; மாட்டுவண்டிச் சக்கரம் புதைந்தால் எடுப்பது பெரும்பாடு. கோடையில் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசலில் ஒரு மழைக்குப் பின் நடந்து பார்த்தவர்களுக்கு, இங்கே யாருடைய பயணத் திட்டமும் ஏன் மழையைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

பல ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசும் நாயக்கர், ரெட்டியார் குடும்பங்கள் வாழ்ந்தன. தமிழ் மட்டும் கற்றுவந்த ஐரோப்பியர் அங்கே கிணற்றடிப் பேச்சைக்கூட முழுதாகப் பின்தொடர்வது கடினம்.

கிறித்தவம் இப்பகுதிக்கு அப்போது புதிதல்ல. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி, இயேசு சபையினரின் மதுரை மிஷனில் பழமையான தலம். 1711இல் மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர் தம் தொடக்க ஆண்டுகளில் இங்கே பணியாற்றி, பின்னர் வடக்கே ஏலாக்குறிச்சிக்குச் சென்றார். ஆனால் சீர்திருத்தச் சபைகள் திருநெல்வேலியின் தெற்கில், தேரி மணலும் பனையும் நிறைந்த பகுதியில் வேரூன்றிய அளவுக்கு வடக்கே எட்டவில்லை.

திட்டம் பிறந்த காரணம்

ராக்லாந்து ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் 1841இல் நான்காம் இடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் உறுப்பினரானார். 1845இன் இறுதியில் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, அங்கு சி.எம்.எஸ். செயலாளராகப் பணியாற்றினார்.

அந்தப் பொறுப்பில் திருநெல்வேலிக்கு வந்தபோது அவர் கண்டது ஒரு விசித்திரமான நிலை. தெற்கே ஊழியம் பெருகியிருந்தது. அந்தப் பெருக்கமே தடையாகவும் ஆகியிருந்தது. மிஷனெரியின் நாள் முழுவதும் பள்ளிக்கணக்கு, ஆலயக் கட்டுமானம், சபையாரின் வழக்கு வியாச்சியம் ஆகியவற்றிலேயே கழிந்தது. நற்செய்தியைக் கேட்டிராதவர்களிடம் போக அவருக்கு நேரமில்லை. எனவே சபைப் பொறுப்பும் கட்டடமும் குடும்பமும் இல்லாத ஒரு சிறு குழு வடக்கே சுற்ற வேண்டும் என்று ராக்லாந்து முன்மொழிந்தார்.

நோய் தந்த தாமதம்

திட்டம் உருவாகிவந்த காலத்திலேயே அவருடைய நுரையீரல் நோய் முற்றியது. 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்ப நேர்ந்தது. வேறொருவராக இருந்தால் திட்டம் கோப்போடு நின்றிருக்கும். ராக்லாந்து அந்தக் கட்டாய ஓய்வை ஆள் தேடும் காலமாக்கிக்கொண்டார். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இருவர் அவரோடு சேர்ந்தனர். 1854இல் பணி தொடங்கியது. நோயாளி ஒருவர் தனியாகத் தொடங்கியிருந்தால் அவரோடு முடிந்திருக்கக்கூடிய பணி, இதனால் மூவரின் பொறுப்பாயிற்று.

நடைமுறை எளியது. ஓர் ஊருக்கு அருகே கூடாரம் அடிப்பார்கள். அங்கிருந்து நடந்துபோய்த் திரும்பக்கூடிய ஊர்களுக்கெல்லாம் காலையிலும் மாலையிலும் செல்வார்கள். சுற்றுவட்டாரம் முடிந்ததும் கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த இடத்துக்குப் போவார்கள். சிவகாசி அவர்கள் திரும்பிவரும் இடமாக இருந்தது. 'தங்குமிடம் வேண்டாம்' என்ற கொள்கையில் முதல் விரிசல் இதுதான் என்று சொல்லலாம். ஆனால் மழைமாதம் வரும் நாட்டில் கூரையே இல்லாத கொள்கை எத்தனை நாள் தாங்கும்?

தெற்கு வடக்குக்கு உதவியது

மூன்று ஐரோப்பியர் அத்தனை ஊர்களைச் சுற்றுவது நடக்காத காரியம். சம்பளத்துக்கு நிரந்தர உபதேசியார்களை அமர்த்த நிதியும் போதாது. இதற்குக் கிடைத்த தீர்வே இந்த ஊழியத்தின் சிறப்பான பகுதி. தெற்கே இருந்த சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து ஒரு மாதத்துக்கு வடக்கே அனுப்பின; அதற்கான செலவையும் சபையாரே காணிக்கையாகத் தாங்கினர். மாதம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்ப, அடுத்தவர்கள் வருவார்கள்.

பற்றாக்குறையால் பிறந்த ஏற்பாடு இது. ஆயினும் மூலத்திட்டத்தைவிட இதுவே அதிகம் சாதித்தது என்று கருத இடமுண்டு. அதுவரை மிஷன் பணத்தைப் பெறும் இடத்தில் இருந்த தமிழ்ச் சபையார், முதன்முறையாக வேறொரு பகுதிக்கு ஊழியரை அனுப்பும் இடத்துக்கு வந்தனர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, தம் காணிக்கையால் தம் ஆட்களை அனுப்பும் பழக்கம் திருநெல்வேலியாருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அறிமுகமாகியிருந்தது.

இதில் சிக்கலும் இருந்தது. தெற்கிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அன்று தாழ்த்தி நடத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். கோயில் நுழைவும் பொதுக்கிணறும்கூட சாதியைப் பார்த்து அனுமதிக்கப்பட்ட காலத்தில், முன்பின் தெரியாத ஊரில் அவர்கள் நின்று பேசுவதற்குத் தேவைப்பட்ட துணிவு ஐரோப்பியருக்குத் தேவைப்பட்டதைவிட அதிகம். மிஷனெரி நூல்கள் இதற்கு உரிய இடம் தருவதில்லை.

ராக்லாந்துக்குப் பின்

1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ராக்லாந்து இரத்தம் கக்கித் திடீரென இறந்தார். கூடாரப் பணி தொடங்கி நாலரை ஆண்டுகளே ஆகியிருந்தன. அதுவரை திருமுழுக்குப் பெற்றவர்கள் மிகச் சிலரே. கணக்குப் பார்த்து மூடியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உடன் ஊழியர்கள் மூடவில்லை.

ஆனால் பணி தொடரத் தொடர, ராக்லாந்து தவிர்க்க நினைத்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஓர் ஊரில் நான்கு குடும்பம் கிறித்தவரானால் அவர்களைவிட்டுக் கூடாரம் எப்படி நகரும்? உறவினரின் எதிர்ப்புக்கு ஆளானவர்களுக்கு ஆதரவு தேவை. பிள்ளைகளுக்குப் பள்ளி தேவை. ஞாயிறு கூடி வழிபட ஓரிடம் தேவை. ஆகவே உபதேசியார்கள் ஊர்களில் நிலையாக அமர்த்தப்பட்டனர். பள்ளிகளும் சபைகளும் எழுந்தன. சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் இப்படி வளர்ந்த மிஷன் குடியிருப்பு. இதைத் திட்டத்தின் தோல்வி என்பார் உண்டு. அப்படிச் சொல்வது சரியல்ல. கேட்டிராதவர்களிடம் போவதே நோக்கம். கூடாரம் அதற்கு ஒரு கருவி மட்டுமே. கேட்டவர்களைக் கைவிட்டுக் கருவியைக் காப்பாற்றியிருந்தால்தான் அது தோல்வியாகியிருக்கும்.

பஞ்ச காலம்

1876இல் மழை பொய்த்து, 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் தென்னிந்தியாவை வாட்டியது. திருநெல்வேலிப் பகுதியில் மிஷன்களின் வழக்கமான வேலை நின்று, கஞ்சி ஊற்றுவதும் அநாதைப் பிள்ளைகளைப் பராமரிப்பதும் முதன்மையாயின. தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி, கோவில்பட்டி வழியாக மதுரைக்குச் செல்லும் ரயில்பாதை 1876இல்தான் திறக்கப்பட்டிருந்தது. துறைமுகத்தில் இறங்கும் தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுசெல்ல அது வழியாயிற்று.

பஞ்சம் யாரும் எதிர்பாராத மற்றொரு நெருக்கடியைக் கொண்டுவந்தது. எஸ்.பி.ஜி. சங்கத்தின் பகுதிகளில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர முன்வந்தனர். 1877இல் ஆயராக அபிஷேகம் பெற்ற ராபர்ட் கால்டுவெல் முன் இருந்த சிக்கல், ஆட்கள் வராதது அல்ல. வந்தவர்களுக்குக் கற்பிக்க உபதேசியார்கள் இல்லாதது. கஞ்சிக்காக வந்தவர்கள் என்ற ஏளனமும் எழுந்தது. வயிறு காய்ந்தவர் யாரிடம் உதவி கிடைத்தது என்று நினைவில் வைப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை என்றாலும், பஞ்சம் நீங்கியபின் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் விலகியதும் உண்மை.

நூல்கள்

ராக்லாந்தின் வாழ்க்கை வரலாற்றை டி.டி. பெரோன் எழுதி 1861இல் வெளியிட்டார். டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேலும் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதியுள்ளார். மாத முறையில் வடக்கே போய்வந்த உபதேசியார்களின் பெயர்கள் இவர்களது பெயர்கள் அளவுக்கு அறியப்படவில்லை. பழைய சபைப் பதிவேடுகளைத் தேடும் உள்ளூர் ஆய்வாளருக்கு அங்கே வேலை இருக்கிறது.