வயதான நாய்க்கும் பாடம் ஏறும்

வளர்ந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவரப் பலர் தயங்குகிறார்கள். இத்தனை வயதுக்கு மேல் அது என்ன கற்றுக்கொள்ளப்போகிறது என்ற எண்ணம்தான் காரணம். அந்தத் தயக்கம் தேவையில்லை.

ஆஸ்திரியாவில் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 5 மாதம் முதல் 13 வயது வரையுள்ள 95 பார்டர் கோலி நாய்களுக்குத் தொடுதிரையில் படங்களைக் காட்டி, சரியான படத்தை மூக்கால் தொடப் பழக்கினார்கள். முடிவுகள் 2016-இல் வெளியாயின. வயதான நாய்களுக்குக் கூடுதல் தடவை பயிற்சி தேவைப்பட்டது உண்மைதான். ஆனால், தவறு என்று தெரிந்த படத்தை ஒதுக்கிவிட்டு, புதிய படமே சரியாக இருக்கும் என்று ஊகிப்பதில் அவையே இளம் நாய்களை முந்தின. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோதும், கற்ற பாடம் அவற்றுக்கு நினைவிருந்தது.

ஆகவே, பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். சொன்னதைச் செய்தவுடன், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த, எலும்பில்லாத கோழித்துண்டு ஒன்றைக் கொடுங்கள். தாமதித்தால், எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. காது மந்தமான நாய்க்குக் கைச்சைகை காட்டிப் பழக்கலாம். உட்காரச் சொன்னால் மறுக்கிறதா? மூட்டுவலி காரணமாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அடிக்க மட்டும் வேண்டாம். அடி வாங்கிய நாய் பாடத்தைக் கற்காது, பயத்தைத்தான் கற்கும்.

வளர்ந்த நாயைக் காப்பகத்தில் பார்த்தால், வயதை எண்ணித் தயங்காமல் நம்பிக்கையோடு அழைத்து வாருங்கள்.